இரண்டாம் கிளாரினெட்

மின்சார வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை கிடைத்து, முதல் மாசச் சம்பளம் கைக்கு வந்ததும் துரைக்கண்ணு அம்மாவுக்குப் புடவை வாங்கவில்லை. ரயிலேறி மெட்ராஸ் போய், மூர் மார்க்கெட்டில் அரை நாள் அலைந்து, பழைய கிளாரினெட் ஒன்றை வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் திரும்பினான். அது 1961ஆம் வருஷம், ஆடி மாசம். அம்மா அந்தக் கறுப்புக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சோறு போடுமாடா?" என்று கேட்டாள்.

"சோறு போடத்தான் வேல இருக்குதே" என்றான்.

அவன் சொன்னதும் சரிதான். பகலெல்லாம் காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்து வீதிகளில் வீடு வீடாக ஏறி இறங்குவான். தறிச் சத்தத்துக்கு நடுவே சுவரோரம் எக்கி நின்று மீட்டரைப் பார்த்து எழுதுவான். மாசத்தில் நாலைந்து நாள் சைக்கிளில் சுற்றுக் கிராமங்களுக்குப் போய் பம்ப்செட் மீட்டர்களைப் பார்ப்பான். சாயங்காலம் ஐந்தரை மணிக்குமேல் அவன் தேவசகாயம் மாஸ்டருடைய ஆள்.

தேவசகாயம் போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். பதினொரு பேரை வைத்து அவர் நடத்திய பேண்டு செட்தான் அப்போது ஊரில் பேர்போனது. சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், தலையில் தொப்பி. மாப்பிள்ளை அழைப்பானாலும் கட்சிக்காரர்களின் வெற்றி ஊர்வலமானாலும் மாஸ்டர் செட் வந்தால்தான் மரியாதை. அவரிடமே ஊதக் கற்றுக்கொண்ட துரைக்கண்ணு, சேர்ந்த எட்டாம் மாசமே முதல் கிளாரினெட் ஆகிவிட்டான். முதல் கிளாரினெட் என்றால் பாட்டை எடுத்துக் கொடுப்பவன். மற்றவர்கள் அவனைத் தொட்டுக்கொண்டு பின்னால் வரவேண்டும். ஊர்வலத்தில் முன்வரிசை வலது ஓரம் அவனுடைய இடம். மாடி ஜன்னலில் நிற்பவர்களின் கண் முதலில் அவன்மேல்தான் விழும். பூவம்மாளும் அப்படிப் பார்த்தவள்தான். கல்யாணமாகி ஆறு மாசம் கழித்து அவளே சொன்னாள், "எங்கப்பா கரண்டு ஆபீஸ் வேலயப் பாத்து ஒத்துக்கினாரு. நான் கோட்டப் பாத்து ஒத்துக்கினேன்."

இரண்டு வருஷம் அந்த வலது ஓரம் அவன் கையில் இருந்தது.

1964 தை மாசத்தில் மல்லிநாதன் வந்தான். திருப்பருத்திக்குன்றத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஜைனக் குடும்பம். அந்தச் சனத்தை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். துரைக்கண்ணு வயசுதான் இருக்கும். வெயிலில் கறுத்த, ஒல்லியான ஆள். கிளாரினெட்டைத் துண்டில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று மாஸ்டர் கேட்டார்.

"ஆரணியில எங்க மாமன் வச்சிருந்தாரு. அவரு போனதுக்கப்புறம் எடுத்து நானே ஊதிக்கினு இருக்கேன் மாஸ்டர்."

கோயில் உற்சவத்தில் நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னாலேயே நடந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதையே ஊதிப் பார்ப்பானாம். மாஸ்டர் அவனை இரண்டாம் கிளாரினெட்டாகப் போட்டுக்கொண்டார். துரைக்கண்ணுதான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். "பயப்படாம என் பின்னாலயே வா, நயினாரே."

மல்லிநாதன் சொன்னபடியே பின்னால் வந்தான். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் ஒத்திகையில் துரைக்கண்ணு மூச்சு எடுக்க ஓர் இடத்தில் நிறுத்தினான். அந்த ஒரு கணத்தில் பின்னாலிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. அது தன் சத்தத்தைவிட உருண்டையாக, ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து அவன் மூச்சு எடுக்கும் இடங்களைக் குறைத்துக்கொண்டான். அந்த இடைவெளியில் மற்றவர்கள் மல்லிநாதனைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தான்.

அந்த ஆளைப் பற்றிய எல்லாமே அவனுக்கு உறுத்த ஆரம்பித்தது. நயினார்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பேண்டுக்காரர்களுக்கு இலை போடும்போது மல்லிநாதன் ஓரமாக நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் அவனிடம் வந்து மரியாதையாகப் பேசுவார்கள். வடையைக் கையில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணு அதைப் பார்ப்பான். பசியில் நிற்பதுகூட இவனுக்குப் பேர் வாங்கித் தருகிறதே என்று தோன்றும்.

அந்தச் சித்திரையில் காந்தி ரோட்டில் ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கார் முனை திரும்பும்போது நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்து குனிந்துகொண்டான். ஒரு மணி நேரம் விடாமல் ஊதியதில் துரைக்கண்ணுவுக்கு உதடு எரிந்தது. சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"சும்மா நிக்காதீங்கப்பா, எதையாவது ஊதுங்க" என்றார் மாஸ்டர்.

"துரை, நான் ஊதட்டுமா?" என்று மல்லிநாதன் இவனிடம்தான் கேட்டான்.

"ஊதேன்" என்றான் துரைக்கண்ணு.

மல்லிநாதன் சினிமாப் பாட்டு எதையும் எடுக்கவில்லை. தோடி ராகத்தை எடுத்தான். நடுத்தெருவில், சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுரத்திலேயே நின்று அதை மெல்ல ஆட்டினான். பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த நாதஸ்வர வித்வான் திரும்பி நடந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றுவிட்டார். கார் கிளம்பத் தயாரானபிறகும் டிரைவர் கிளப்பவில்லை. வாசித்து முடித்ததும் வித்வான், "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று கேட்டார். பக்கத்தில் சோடா பாட்டிலோடு நின்றவனை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த முகூர்த்தத்தில் வரிசை கட்டும்போது மாஸ்டர், "துரை, நீ கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுப்பா" என்றார். அவ்வளவுதான். வலது ஓரத்துக்கு மல்லிநாதன் வந்தான்.

எட்டு மாசம் துரைக்கண்ணு இரண்டாம் கிளாரினெட் ஊதினான். பிறகு ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லிக் கோட்டை மடித்து மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, ஐயம்பேட்டையில் புதிதாக ஆரம்பித்திருந்த ஒரு செட்டில் போய்ச் சேர்ந்தான். ஏழே பேர். நீலக் கோட்டு, அதுவும் ஆளுக்கு ஒரு நீலம். பெரிய டிரம்மின் தோல் மழைக்காலத்தில் தொளதொளத்துப் போகும். ஆனாலும் அங்கே அவன்தான் முதல் கிளாரினெட். கிராமத்துக் கல்யாணங்களில் அவன் ஊதினால் கைதட்டினார்கள். மனசு கொஞ்சம் ஆறியது.

1967 தேர்தல் முடிந்து நடந்த ஊர்வலத்தில் இரண்டு செட்டையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயம்பேட்டை செட் முன்னால், மாஸ்டர் செட் பின்னால். ராஜ வீதி வரைக்கும் துரைக்கண்ணுவைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. அதற்குப் பிறகு ஏதோ லேசாக இருப்பதுபோல் பட்டுத் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் வந்தவர்களெல்லாம் நடையைத் தளர்த்திப் பின்னால் போய்விட்டிருந்தார்கள். கொடி பிடித்தவர்களும் நீலக் கோட்டுக்காரர்களும் மட்டும் வெறும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது கஜம் பின்னால் சனத்துக்கு நடுவிலிருந்து அந்த உருண்டையான சத்தம் வந்துகொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் பூவம்மாள் உப்புமாவில் உப்பு அதிகம் போட்டுவிட்டாள் என்று தட்டைத் தள்ளிவிட்டான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஐயம்பேட்டை செட் அடுத்த வருஷம் கலைந்துபோயிற்று. அதன்பிறகு மின்சார வாரிய ஊழியர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவுக்கு வாசித்தான். ஆர்மோனியம், தபலா, இவனுடைய கிளாரினெட். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுகைக் காட்சிக்கு அழுகையாகவும் சண்டைக் காட்சிக்குச் சண்டையாகவும் ஊதவேண்டும். ஆபீஸ்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே இடமில்லை என்பதுதான் அவனுக்கு அதில் பெரிய நிம்மதி. மல்லிநாதன் அங்கே வர வழியே இல்லை.

வழி அவன் வீட்டிலிருந்தே போனது. 1969இல் ஒரு நாடகத்துக்கு முந்தின நாள் துரைக்கண்ணு காய்ச்சல் வந்து நினைவில்லாமல் படுத்துவிட்டான். காய்ச்சல் விட்டு ஆபீஸுக்குப் போனால், ஆர்மோனியக்காரரில் ஆரம்பித்து பியூன் வரைக்கும் எல்லோரும் ஒரே பேச்சு. தாய் செத்துப்போகும் காட்சியில் கிளாரினெட் கேட்டுச் சனம் விசும்பிவிட்டதாம். மேனேஜர் வீட்டம்மாள் அழுகை தாங்காமல் எழுந்து வெளியே போய்விட்டாளாம்.

"யாரு ஊதனது?"

"உனக்குத் தெரியாதா? உங்க வீட்லருந்துதானே ஆள் சொல்லி அனுப்பிச்சாங்க. திருப்பருத்திக்குன்றத்து நயினாரு."

வீட்டுக்கு வந்து பூவம்மாளைக் கேட்டான். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாடகம் நின்னுடுச்சின்னா உங்களத்தானே சொல்வாங்க. அவருதான் தோதுன்னு சொல்லி அனுப்புனேன்."

"நீ போயிருந்தியா?"

"கஞ்சி வச்சிக் குடுத்துட்டுப் போனேன். பக்கத்து வூட்டு மணியம்மாள உங்களுக்குக் காவல் வச்சிட்டுதான் போனேன்."

"எப்பிடி இருந்துச்சி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாத்தான் ஊதனாரு" என்றாள்.

மூன்று நாள் அவன் அவளோடு பேசவில்லை. ஊரார் சொன்னதெல்லாம் சேர்ந்து வலித்ததைவிட அந்த ஒரு வார்த்தை அதிகம் வலித்தது. நாடகத்துக்கும் அதன்பின் போகவில்லை.

1971இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடிகாரக் கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் 'தேன்மலர் இன்னிசைக் குழு' என்று ஒன்று ஆரம்பித்தார். இது வேறு மாதிரி. நடந்துகொண்டே ஊதும் வேலை இல்லை. மேடை, மைக்கு, கலர் விளக்கு. கலியாணசுந்தரம் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பார். பாட இரண்டு பேர், பாங்கோஸ், அக்கார்டியன். எல்லாம் சேர்ந்துவிட்டது, கிளாரினெட்டுக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். கடை மீட்டரைப் பார்க்கப் போன துரைக்கண்ணுவிடம் அவர் சொன்னார்:

"தேவசகாயம் மாஸ்டர் செட்ல நயினார் ஒருத்தர் ஊதுவாரே, அவருதான் சார் எனக்கு வேணும். நீங்க அந்தப் பக்கம் மீட்டர் பாக்கப் போவீங்க இல்ல? தேன்மலர்ல கூப்பிடறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவரு ஒத்து வரலேன்னா நீங்களே வந்துடுங்க."

கடைசி வாக்கியத்தைக் கடிகாரத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை துரைக்கண்ணு திருப்பருத்திக்குன்றம் போனான். மல்லிநாதன் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவன், இவனைப் பார்த்ததும் எழுந்து வந்தான். பச்சைக் கடலையை ஒரு கை அள்ளிக் கொடுத்தான். பம்ப்செட் கொட்டகைக்குள் கூடவே வந்து நின்றான்.

"மாஸ்டரு வேலூருக்கு மகன்கிட்டப் போயிட்டாருபா. செட்ட முடிச்சிட்டாரு. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"கையி சும்மா இருக்குது. ஒரு மாதிரியா இருக்குதுபா. எங்கியாவது ஆள் கேட்டாங்கன்னா சொல்லு."

துரைக்கண்ணு மீட்டரைப் பார்த்தான். எண்ணை எழுதினான். அட்டையில் கையெழுத்துப் போட்டு ஆணியில் மாட்டினான். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான். வாய்வரைக்கும் வந்தது. வேர்க்கடலை ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "பாக்கறேன்" என்றான். சைக்கிளை மிதித்தபோது முதுகு வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கலியாணசுந்தரத்திடம் சொல்ல அவனிடம் கதை தயாராக இருந்தது. "வர மாட்டாராம் சார். வயல் வேல. அதோட பொழுது சாஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்களா, ராத்திரி புரோகிராமெல்லாம் தோதுப்படாதுன்னுட்டாரு."

"அப்பிடியா" என்றார் கலியாணசுந்தரம். கையிலிருந்த கடிகாரத்தின் மூடியை அழுத்தி மூடினார். "சரி, நீங்க வந்துடுங்க."

மூன்று வருஷம் துரைக்கண்ணு தேன்மலரில் வாசித்தான். பேண்டு காலத்தில் கிடைக்காத பேரெல்லாம் கிடைத்தது. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் பெண்கள் மோர் கொடுத்தார்கள். நோட்டீஸில் அவன் பேர் அச்சானது. ஆனால் மேடையில் ஏறியதும் அவன் செய்யும் முதல் வேலை, கூட்டத்தில் அந்தக் கறுத்த முகம் இருக்கிறதா என்று தேடுவதுதான். இல்லையென்றால்தான் உதட்டில் குழலை வைப்பான். பாட்டுக்கு நடுவே ஓர் இடம் நன்றாக வந்துவிட்டால், மல்லிநாதன் இதை எப்படி ஊதியிருப்பான் என்று தானாகவே மனசு ஊதிப் பார்க்கும். மனசுக்குள் ஊதிய மல்லிநாதன் ஒவ்வொரு முறையும் நன்றாகவே ஊதினான்.

திருப்பருத்திக்குன்றத்துப் பம்ப்செட்டுக்கு அவன் மத்தியான வெயிலில், யாரும் கொட்டகைப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துப் போய்வந்தான்.

1974 ஆடியில் முசரவாக்கத்தில் அம்மன் திருவிழா. பூவம்மாளும் வந்து பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பாட்டில் துரைக்கண்ணுவுக்குத் தனியாக ஊதும் இடம் வந்தது. ஊதிக்கொண்டே நிமிர்ந்தால், விளக்கு வெளிச்சத்தில் மல்லிநாதன் நிற்கிறான். மகள் சாந்திமதியைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். தலையை ஆட்டி, கண்ணை மூடி, ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். துரைக்கண்ணுவுக்கு விரல் இடறியது. எப்படியோ சமாளித்து முடித்தான்.

நிகழ்ச்சி முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது மல்லிநாதன் கிட்டே வந்தான். "நல்லா இருந்துச்சி துரை. அந்த மூணாவது பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சி" என்றான். அந்தப் பாராட்டில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் துரைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை.

கிதாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த கலியாணசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே மாஸ்டர் செட்ல ஊதனவரு? மூணு வருஷம் முன்னால ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சிட்டீங்களே."

மல்லிநாதன் துரைக்கண்ணுவைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான் பார்த்தான். பிறகு கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினான்.

"ஆமா சார். அப்போ வயல்ல வேல. தோதுப்படல."

"இப்போ வாங்களேன். ரெண்டு கிளாரினெட்டு வச்சிக்கலாம்."

"கிளாரினெட்ட வித்துட்டேன் சார். ரெண்டு வருஷமாவுது. யாரும் கூப்பிடல, சும்மா வச்சிக்கினு இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

வித்துட்டேன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் துரைக்கண்ணுவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இனி அந்தச் சத்தம் இல்லை. எந்தத் தெருவிலும் இல்லை. வேன் முசரவாக்கத்தைத் தாண்டுவதற்குள் அந்தச் சந்தோஷம் புளித்துப்போய்விட்டது. காட்டிக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை? இந்த விஷயத்தில்கூட அவன்தான் முதல் ஆள், நான் பின்னால் நிற்பவன் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பூவம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து பாயை விரிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவருகிட்ட நீங்க சொல்லவே இல்லியா?"

அவன் விளக்கை அணைத்தான்.

"கோட்டப் பாத்து ஒத்துக்கினது தப்பு போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மீட்டர் தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. அதுவரைக்கும் இருக்க முடியவில்லை. ஐந்தாம் நாளே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காக்கிப் பையில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனான். மல்லிநாதன் மண்வெட்டியோடு வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான்.

"மீட்டரு கொட்டாயில இருக்குது" என்றான், தலை நிமிராமல்.

"மீட்டருக்கு வரல."

மல்லிநாதன் மடையை முழுசாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அவரு உன்னைத்தான் மொதல்ல கேட்டாரு" என்றான் துரைக்கண்ணு. "நான் சொல்லல. நீ வரமாட்டேன்னுட்டன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

"அது அன்னிக்கே புரிஞ்சிபோச்சி. ஏன் சொல்லல?"

துரைக்கண்ணு சைக்கிளில் வரும்போது நாலைந்து காரணங்கள் கட்டி வைத்திருந்தான். ஒன்றும் வாயில் வரவில்லை. "நீ வந்தேன்னா என்னை யாரு கேப்பாங்க?"

"என்னை மட்டும் யாரு கேட்டாங்க இத்தினி நாளா?" மல்லிநாதனின் குரல் உயரவில்லை. "கொட்டாய்ல கூடவே நின்னேன். வாய் தொறந்து கேட்டேன். கடலையத் தின்னுக்கினே பாக்கறேன்னு சொன்னியே துரை."

"அப்புறம் எதுக்கு அவரு எதிர்ல என்னைக் காப்பாத்தன?"

"உன்னை எவன் காப்பாத்தனான்? எம் பொண்ணு எதிர்ல, அந்தாளு எதிர்ல, ஏமாந்து போனவனா நிக்கறதுக்கு எனக்குப் பிடிக்கல. அவ்ளதான்."

துரைக்கண்ணு பையைத் திறந்து கிளாரினெட்டின் துண்டுகளை எடுத்துப் பொருத்தினான். இரண்டு கையாலும் நீட்டினான். மல்லிநாதன் உடனே வாங்கவில்லை. வாய்க்காலில் கையைக் கழுவினான். வேட்டியில் துடைத்தான். பிறகு வாங்கி, எடை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, உதட்டில் வைத்தான்.

முதலில் வந்தது வெறும் கீச்சுச் சத்தம். இரண்டாவதும் அப்படியே. உதடு பிடிப்பு விட்டுப் போயிருந்தது. மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல்கள் குழலின் சாவிகளின்மேல் வழுக்கின. துரைக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். போய்விட்டது, அது இவனைவிட்டுப் போயேவிட்டது என்று உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு தானே தேடி வந்தவன், அது போயிருக்கவேண்டும் என்று அந்த நிமிஷமும் ஆசைப்பட்டான்.

போகவில்லை. ஒரு கால் மணி நேரத்தில் ஒரு சுரம் கலங்காமல் நின்றது. அப்புறம் அதன் பக்கத்துச் சுரம். மல்லிநாதன் வரப்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஊதி நிறுத்தியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டான், "ஞாயித்துக்கெழம புரோகிராமு எங்க?"

"ஓரிக்கையில. கல்யாணம்."

"நான் ஊதறேன். நீ கீழ உக்காந்து கேளு."

அது மன்னிப்பு இல்லை என்று துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. சரி என்றான்.

அன்று சாயங்காலமே கடிகாரக் கடைக்குப் போய்க் கலியாணசுந்தரத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு வருஷம் உங்களோட ஒரே வேன்ல போயிட்டு வந்திருக்கேன்" என்றார். "ஞாயித்துக்கெழம அவரே ஊதட்டும். அதுக்கப்புறம் உங்களுக்கு இடம் உண்டா இல்லியான்னு அவருதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை கிளாரினெட்டைக் கொடுத்தனுப்புவதற்காகப் பெட்டியைத் திறந்தான். ஊதுவாயில் பொருத்தும் நாணல் ரீடு இரண்டு இருந்தன. ஒன்று நுனியில் மயிரிழை அளவு கீறியது. பார்த்தால் தெரியாது, மேல் ஸ்தாயிக்குப் போனால் காட்டிக் கொடுக்கும். மற்றது பிரிக்காத புதுசு. கை முதலில் கீறியதைத்தான் எடுத்தது. எடுத்து, பொருத்தியும்விட்டான். பூவம்மாள் அடுப்பங்கரையில் இருந்தாள், பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அரை நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு அதைக் கழற்றி இரண்டாக ஒடித்து ஜன்னலுக்கு வெளியே போட்டான். புதுசைப் பொருத்தினான்.

ஓரிக்கையில் மூன்றாவது வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். தேன்மலர் மேடையைக் கீழேயிருந்து பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் முறை. மல்லிநாதன் வெள்ளைச் சட்டை போட்டு, பொழுதோடு சாப்பிட்டுவிட்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு பாட்டில் பதுங்கிப் பதுங்கி ஊதினான். மூன்றாவதில் அந்தத் தனியிடம் வந்தது.

துரைக்கண்ணு மூன்று வருஷமாக ஊதிய அதே இடம். அதே சுரங்கள். குழலும் அவன் மூர் மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்த அதே குழல்தான். பதின்மூன்று வருஷம் தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, பிள்ளையைப்போல் வைத்திருந்தது. அதற்குள் இப்படி ஒரு குரல் இருந்தது அவனுக்குத் தெரியாது. ஒருநாளும் அது அவனுக்குக் கொடுத்ததில்லை. யாரோ ஒருவன் இரண்டு கீச்சுச் சத்தம் போட்டுவிட்டு வந்து கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த ஆளின்மேல் இருந்த எரிச்சல் போதாதென்று, இப்போது அந்தக் கட்டைமேலும் எரிச்சல் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை அவன் துடைக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்ததால் வந்ததா, வயிற்றெரிச்சலால் வந்ததா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

பக்கத்தில் இருந்த வெற்றிலைக்காரர் ஒருவர் அவன் தொடையைத் தட்டினார். "இந்தாளு எங்க இருந்தாருபா இத்தினி நாளா?"

"திருப்பருத்திக்குன்றத்துல" என்றான் துரைக்கண்ணு.

மறுநாள் காலையில் மல்லிநாதன் சைக்கிளில் வந்தான். கிளாரினெட்டைத் துடைத்துப் புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பூவம்மாள் காபி கலக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம்மா என்றான். உள்ளேயும் வரவில்லை.

"கலியாணசுந்தரத்துகிட்டப் பேசிட்டேன்" என்றான் துரைக்கண்ணுவிடம். "ஒரு புரோகிராம் நான், ஒரு புரோகிராம் நீ. குழலு உன்னுது, அதனால. நான் ஒண்ணு வாங்கற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

துரைக்கண்ணு துணியைப் பிரித்தான். வாசல் கதவைச் சாத்தினான். நேற்று கேட்ட அந்த இடத்தை, மல்லிநாதன் எங்கே நிறுத்தினான், எங்கே சுரத்தை வளைத்தான் என்று நினைவுபடுத்திக்கொண்டு ஊதினான். வரவில்லை. கீழிருந்து பிடித்துப் பார்த்தான், அப்படியும் வரவில்லை. ஆறாம் முறையோ ஏழாம் முறையோ ஊதும்போது பூவம்மாள் காக்கிப் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"மணி ஒம்பதரை ஆவுது" என்றாள்.

"ஒரு தடவ" என்று சொல்லி மறுபடியும் குழலை உதட்டில் வைத்தான்.